ஓர் அரங்கின் கொள்ளளவு

ஒரு புகைப்படத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். கூரை மூடிய மிகப் பெரிய அரங்கு. சுற்றிலும் சரிந்து உயரும் படி வரிசைகள். அவற்றில் காவலில் வைக்கப்பட்ட மனிதர்கள். 1942 ஜூலையில் பாரிஸ் நகரத்து யூதர்கள் ‘வெல் தீவ்’ அரங்கில் அடைக்கப்பட்டிருந்தபோது எடுத்தது என்ற குறிப்புடன் இந்தப் படம் நெடுங்காலம் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் அச்சாகி வந்தது. 1983ல் செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் இது அந்தப் படம் அல்ல என்று நிறுவினார். 1944ல் பாரிஸ் விடுவிக்கப்பட்டதற்குப் பிறகு, ஜெர்மானியரோடு ஒத்துழைத்தவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டோரை அதே அரங்கில் பிடித்து வைத்திருந்தபோது எடுத்த படம் அது. அதாவது, வேட்டையாடப்பட்டவர்கள் என்று நினைத்து நாம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், வேட்டைக்காரர்களுக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட கூட்டம்.

இதை ஆராய்ச்சியாளர்களின் கவனக்குறைவு என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. அந்தக் கட்டிடத்தின் படி வரிசையில் உட்கார வைத்துவிட்டால் யாரும் யாரைப்போலவும் தோன்றுவார்கள் என்பதே இதில் உள்ள விஷயம். தூரத்திலிருந்து பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட இடம் அது. தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு முகம் தெரியாது, கூட்டம் தெரியும். சைக்கிள் பந்தயம் பார்க்க வந்த கூட்டத்தையும், லியோன் ப்ளும் பேச்சைக் கேட்க வந்த கூட்டத்தையும், ஆஷ்விட்ஸுக்கு அனுப்புவதற்காகக் குவிக்கப்பட்ட கூட்டத்தையும் அந்த அரங்கு ஒரே விதமாகத்தான் வாங்கிக்கொண்டது. இந்த அரங்கின் சரித்திரத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நம் வட்டாரத்தில் சரித்திரம் என்றால் சம்பவங்களைப் பேசுகிறோம், கருத்துக்களைப் பேசுகிறோம். சம்பவம் நடந்த கட்டிடத்துக்கு எத்தனை வாசல், எத்தனை கழிப்பறை என்று கேட்பது நமக்கு அற்ப விஷயமாகப் படுகிறது.

முழுப்பெயர் வெலோட்ரோம் திவேர், குளிர்கால சைக்கிள் பந்தயக்கூடம் என்று பொருள். பாரிஸ்காரர்கள் அதை வெல் தீவ் என்று சுருக்கிக்கொண்டார்கள். தமிழ்க் காதுக்குத் தீவு என்று கேட்கிறது, ஒலிப் பொருத்தம்தான், வேறொன்றுமில்லை. அதன் பின்னணியில் இருந்தவர் ஹென்ரி தெக்ராஞ்ச். ‘லோத்தோ’ என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர், டூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவர். 1889ஆம் வருடப் பொருட்காட்சிக்காக ஈஃபில் கோபுரத்தோடு கூடவே கட்டப்பட்ட பிரம்மாண்டமான இயந்திரக் காட்சிக்கூடம் பிறகு பயனற்றுக் கிடந்தது. அதற்குள் மரத்தாலான பந்தயப் பாதை போட்டு 1903 டிசம்பரில் முதல் பந்தயத்தை நடத்தினார்கள். பாதை அமைத்த கட்டிடக் கலைஞர் காஸ்தோன் லம்பேர். கோபுரத்தின் காட்சியை மறைக்கிறது என்று 1909ல் அந்தக் கூடத்தை இடித்துவிட்டார்கள். அதன்பிறகு, அங்கிருந்து அதிக தூரமில்லாத கிரெனெல் சாலையும் நெலாத்தோன் தெருவும் சந்திக்கும் மூலையில் புதிய வெலோட்ரோம் எழுந்தது. 1910 பிப்ரவரியில் திறப்பு. பாதையின் சுற்றளவு சுமார் 250 மீட்டர். வளைவுகளில் சுவரைப்போல நிமிர்ந்து நிற்கும் மரச்சரிவு. மேலே கண்ணாடிக் கூரை.

அந்த அரங்குக்குப் பெயர் வாங்கித் தந்தது ஆறு நாள் பந்தயம். 1913 ஜனவரியில் முதன்முதலாக நடந்தது. இரவு பகலாக ஆறு நாட்கள், இரண்டு பேர் கொண்ட அணிகள், ஒருவன் ஓட்டும்போது மற்றவன் பாதையின் நடுவே போட்ட சிறு அறையில் தூங்குவான். இந்த இரட்டையர் முறைக்குக் காரணம் அமெரிக்கா. அங்கே தனி ஆளை ஆறு நாளும் ஓட்டவிட்டு, அவன் தூக்கமில்லாமல் பிதற்றுவதையும் விழுவதையும் காசு கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவன் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் ஓட்டக்கூடாதென்று நியூயார்க்கில் சட்டம் வந்ததும், காட்சி நடத்துபவர்கள் ஆட்களை இரண்டாக்கிப் பந்தயத்தைப் பழையபடி இருபத்துநாலு மணி நேரமும் ஓடவைத்தார்கள். மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பிறந்ததால் அதற்கு ‘மாடிசன்’ என்றே பெயர். பிரெஞ்சுக்காரர்கள் ‘அமெரிக்கேன்’ என்றார்கள்.

பந்தயத்தைவிட அங்கிருந்த உட்காரும் ஒழுங்குதான் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. வழக்கமாக நாடகக் கொட்டகையில் பணக்காரன் முன்னால், ஏழை பின்னால். இங்கே பணக்காரர்கள் பாதைக்கு உள்ளே, நட்ட நடுவில், மேஜை விரிப்புகளுக்கு முன்னால் ஷாம்பெய்ன் குடித்துக்கொண்டு இருப்பார்கள். தொழிலாளர்கள் மேலே, கூரையை ஒட்டிய படிகளில். இரண்டு வர்க்கத்துக்கும் இடையில் சைக்கிள்கள் சுற்றிக்கொண்டிருக்கும். மேலிருப்பவர்கள் ஓட்டத்தைப் பார்ப்பதோடு கீழே சாப்பிடுகிறவர்களையும் பார்ப்பார்கள். ரொட்டித் துண்டு, சாஸேஜ், சில சமயம் பாட்டில்கூட மேலிருந்து பறந்து வரும். தாங்கமாட்டாமல் நிர்வாகம் வலை கட்டியது. கூட்டத்தை அடுக்கி வைப்பது, பிரித்து வைப்பது, உள்ளே விட்டால் ஒரு வாரம் வரைக்கும் அங்கேயே உண்டு உறங்கவிடுவது ஆகிய எல்லாவற்றையும் அந்தக் கட்டிடம் 1942க்கு வெகு முன்பே பழகி வைத்திருந்தது.

ஹெமிங்வே 1920களில் இந்தப் பந்தயங்களுக்குப் பைத்தியமாக இருந்தவர். அவர் இறந்த பிறகு 1964ல் வந்த பாரிஸ் நினைவுக் குறிப்புகளில், சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எத்தனையோ கதைகளைத் தொடங்கியும் பந்தயங்கள் அளவுக்கு நல்ல கதை ஒன்றைக்கூட எழுத முடியவில்லை என்கிறார். ஹெமிங்வேயிடம் நான் மதிக்கும் ஒப்புதல்களில் ஒன்று இது. புகை மண்டிய அந்தப் பிற்பகல் வெளிச்சத்தையும் மரப்பாதையில் டயர்கள் எழுப்பும் ஓசையையும் அவர் சில வரிகளில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். அந்தப் பக்கங்களில் 1942 நுழைவதில்லை. நுழையவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன், 1920களை நினைவுகூர்பவனுக்கு 1920களோடு நின்றுகொள்ள உரிமை உண்டு. ஆனால் 1944ல் விடுதலைப் படைகளோடு பாரிஸுக்குள் நுழைந்த நிருபர் அவர், அந்தக் குறிப்புகளை எழுதியது அதற்குப் பிறகு. அந்த இரண்டு வெல் தீவுகளும் அவர் மனத்தில் எங்கேயும் ஒன்றையொன்று தொடவில்லை போலும். பாரிஸ்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் இருந்தது.

1931ல் ஜெஃப் டிக்ஸன் என்ற அமெரிக்கர் அரங்கை மாற்றி அமைத்தார். குத்துச்சண்டை, ஐஸ் ஹாக்கி, சர்க்கஸ் என்று எதுவும் நடத்தலாம் என்று ஆயிற்று. பாலே தெ ஸ்போர், அதாவது விளையாட்டு மாளிகை, என்று புதுப்பெயரும் வைத்தார்கள். அந்த வருடம் அக்டோபரில் துனீஷியாவைச் சேர்ந்த யூத இளைஞன் விக்டர் பெரெஸ், அமெரிக்கன் ஃபிராங்கி ஜெனாரோவை இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தி ஃப்ளைவெயிட் பிரிவில் உலக சாம்பியன் ஆனது இங்கேதான். 1943ல் அவனைப் பாரிஸில் பிடித்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். முகாமில் காவலர்களின் பொழுதுபோக்குக்காகக் குத்துச்சண்டை போடவேண்டியிருந்தது. 1945 ஜனவரியில், முகாமைக் காலி செய்து கைதிகளை நடத்திக்கொண்டு போனபோது, கொல்லப்பட்டான்.

கூட்டங்களைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. 1936ல் ஸ்பெயின் குடியரசுக்கு உதவி கேட்டு பாசியோனாரியா இங்கே பேசினார். அடுத்த வருடம், ப்ளுமைக் கொலைசெய்யத் தூண்டி எழுதியதற்காகச் சிறை சென்று வெளிவந்த சார்ல் மோராவை வலதுசாரிகள் இதே கூரைக்குக் கீழ்தான் வரவேற்றுக் கொண்டாடினார்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் தோரியோவின் கட்சிக்காரர்கள் வந்தார்கள். வாடகை கொடுத்தவனுக்குக் கதவு திறந்தது. வெறுப்பைப் பேசிய கூட்டங்களும் வெறுப்பின் விளைவும் ஒரே கட்டிடத்தில் என்று இதை ஒரு தத்துவமாக உருட்டலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாரிஸில் அவ்வளவு பேரை மழைக்கு ஒதுங்கவைத்துப் பேசக்கூடிய இடங்கள் அதிகம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இடத்தைக் காவல்கூடமாக முதலில் பயன்படுத்தியது நாஜிகளும் அல்ல, விஷி அரசும் அல்ல. 1940 மே மாதம், ஜெர்மன் படைகள் முன்னேறிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது குடியரசுதான் பாரிஸில் இருந்த ஜெர்மானியப் பெண்களை எதிரி நாட்டவர் என்று வெல் தீவில் வந்து ஆஜராகச் சொன்னது. அவர்களில் ஹிட்லருக்குத் தப்பி வந்த யூத அகதிகள் ஏராளம். ஹன்னா ஆரெண்ட் அவர்களில் ஒருவர். ஒரு வாரம்போல வைக்கோல் திணித்த பைகளின் மேல் படி வரிசைகளில் படுத்திருந்தார்கள். பிறகு ஸ்பெயின் எல்லையோரம் கூர்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். தீமையின் சாதாரணத்தன்மை என்ற சொற்றொடரை 1963ல் அவர் உலகத்துக்குக் கொடுத்தபின் நாம் அதைப் பல கட்டுரைகளில் மேற்கோள் காட்டித் தேய்த்தாகிவிட்டது. அந்தச் சொற்றொடருக்கு முன்னால் இந்த அரங்கின் கண்ணாடிக் கூரைக்கு அடியில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து படுத்திருந்த இரவுகள் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

இனி 1942. யூதர்கள் போலீஸில் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று ஜெர்மானியர் 1940 இலையுதிர்காலத்திலேயே உத்தரவிட்டிருந்தார்கள். பாரிஸ் போலீஸ் தலைமையகத்தில் ஆந்த்ரே தூலார் என்ற அதிகாரி அந்தப் பதிவுகளைக் கொண்டு ஓர் அட்டைக் கோப்பு தயாரித்தார். அகரவரிசைப்படி ஒன்று, தெருவாரியாக ஒன்று, தொழில்வாரியாக ஒன்று, தேசிய இனவாரியாக ஒன்று. நல்ல நூலகர் செய்யக்கூடிய வேலை. அந்தக் கோப்பிலிருந்து வெளிநாட்டு யூதர்கள், நாடற்ற யூதர்கள் என்று 27,000க்கும் மேற்பட்ட அட்டைகளை உருவி எடுத்தார்கள். முதலில் ஜூலை 13 என்று நாள் குறித்து, 14ஆம் தேதி தேசியத் திருநாள் என்பதால் 16க்குத் தள்ளி வைத்தார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் கொண்டாடி முடித்த இரண்டாம் நாள் விடியற்காலை சுமார் 4,500 பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் கதவுகளைத் தட்டினார்கள். ஜெர்மன் சிப்பாய்கள் தேவைப்படவில்லை. பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் சேர்த்து அனுப்பலாம் என்று முன்வந்தவர் பிரதமர் லவால். ஏற்பாடுகளைப் பேசி முடித்தவர் போலீஸ் துறையின் தலைவர் ரெனே பூஸ்கே.

இரண்டு நாட்களில் 13,152 பேர் சிக்கினார்கள். குறித்த எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவு. செய்தி முன்கூட்டியே கசிந்திருந்தது, சில போலீஸ்காரர்களே வீடு தேடிப்போய்ச் சொல்லியிருந்தார்கள். குழந்தை இல்லாதவர்களை நேராக திரான்சி முகாமுக்கு அனுப்பினார்கள். குடும்பங்களை நகரப் பேருந்துகளில் ஏற்றி வெல் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்கள் 1,129. பெண்கள் 2,916. குழந்தைகள் 4,115. ஆக 8,160 பேர்.

பந்தய நாட்களில் இதைவிடப் பெரிய கூட்டத்தை அந்த அரங்கு கொண்டிருக்கிறது. எனவே கொள்ளளவைப் பொறுத்தவரை கணக்கு சரிதான். குண்டுவீச்சுக்காகக் கண்ணாடிக் கூரைக்கு அடர் நீலச் சாயம் பூசியிருந்தார்கள். ஜூலை வெயிலில் அது உலையாயிற்று. தப்பிவிடாதபடி ஜன்னல்களைத் திருகாணி வைத்து அடைத்தார்கள். இருந்த பத்துக் கழிப்பறைகளில் ஐந்துக்குத் தெருவைப் பார்த்த ஜன்னல் இருந்ததால் அவற்றைப் பூட்டினார்கள். மீதி ஐந்தும் சீக்கிரமே அடைத்துக்கொண்டன. குடிநீருக்கு ஒரே ஒரு குழாய். விளக்குகள் அணைக்கப்படவேயில்லை. ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்களையும் செஞ்சிலுவைத் தாதிகளையும் மட்டும் உள்ளே விட்டார்கள். சிலர் மேல் வரிசையிலிருந்து குதித்தார்கள். குழாய்களைச் சோதிக்க வந்த தீயணைப்புப் படையினர் தங்கள் நீர்க்குழாய்களைத் திறந்து தண்ணீர் கொடுத்தார்கள், கையில் திணிக்கப்பட்ட கடிதங்களை வெளியே கொண்டுபோய் அஞ்சலில் சேர்த்தார்கள். ஐந்து நாட்கள் இப்படி. அதன்பின் பிதிவியேர், போன் லா ரோலாந்து முகாம்கள். அங்கே தாய்களை முதலில் பிரித்து அனுப்பினார்கள். குழந்தைகள் சில வாரங்கள் கழித்து, தனியாக. ஆஷ்விட்ஸுக்குப் போன அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய எவரும் திரும்பவில்லை.

இந்த இடத்தில் வழக்கமாக நம் விமர்சகர்கள் ஒரு சொல்லை எடுப்பார்கள்: முரண்நகை. கேளிக்கைக்கூடம் கொலைக்களத்தின் வாசலாயிற்று, என்ன முரண்நகை என்பார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர் அபத்தம் என்பார். காம்யூ தமிழில் அறிமுகமானதிலிருந்து அபத்தம் என்ற சொல் நமக்குப் பல சங்கடங்களிலிருந்து விடுதலை கொடுத்துவிட்டது. எதை விளக்க வேண்டுமோ அதை அபத்தம் என்று சொன்னால் விளக்கம் முடிந்தது. வெல் தீவில் அபத்தமாக ஒன்றுமே இல்லை என்பதுதான் என் வாதம். ஆயிரக்கணக்கானவர்களைச் சில மணி நேரத்தில் உள்ளே விடவேண்டும், எண்ணிச் சொல்லவேண்டும், உட்கார்ந்த இடத்திலேயே வைத்திருக்கவேண்டும், வெளியிலிருந்து உள்ளே வருவதையும் உள்ளிருந்து வெளியே போவதையும் ஒருசில வாசல்களில் கட்டுப்படுத்தவேண்டும், எல்லாரையும் ஓரிடத்திலிருந்து பார்க்கவேண்டும், ஒரே குரல் எல்லாருக்கும் கேட்கவேண்டும், முடிந்ததும் மொத்தமாகக் காலி செய்யவேண்டும். டிக்கெட் விற்பவனின் தேவைப் பட்டியல் இது. போலீஸ் அதிகாரியின் பட்டியலும் இதுவே. இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, கதவு எந்தப் பக்கத்திலிருந்து பூட்டப்படுகிறது என்பது. நகரத்துக்கு நடுவே ஒரு முகாம் கட்டவேண்டிய செலவு அந்த அரசுக்கு இல்லாமல் போனது, விளையாட்டு ரசிகர்களுக்காகத் தனியார் அதை முன்பே கட்டிவைத்திருந்ததால்தான்.

ஐரோப்பிய மொழிகளின் ‘அரீனா’ என்ற சொல்லுக்கு லத்தீனில் மணல் என்று பொருள், சிந்திய ரத்தத்தை உறிஞ்சத் தூவும் மணல். அந்தச் சொல் தன் பிறப்பை மறைப்பதில்லை. நம் சொல் வேறு மாதிரி. குறளில் அரங்கு என்பது வட்டாடுவதற்காகத் தரையில் இழைத்த கட்டம். ஆற்றின் நடுவே நீர் சூழ நிற்கும் மேட்டுக்கும் அரங்கம் என்றுதான் பெயர். கோடு கிழித்துப் பிரித்தெடுத்த இடம், சுற்றிலும் அடைபட்ட இடம் என்ற பொருள் இரண்டிலும் அடிநாதமாக இருக்கிறது. ஆட்டம் அதற்குப் பிறகு வருவது.

போர் முடிந்தது. சந்தேகிகளை வைத்திருந்த அதே படிகளைக் கழுவிவிட்டு 1946ல் மறுபடியும் ஆறு நாள் பந்தயத்தைத் தொடங்கினார்கள். 1951ல் ஐரோப்பியக் கூடைப்பந்துப் போட்டி. 1955ல் பில்லி கிரகாம் வந்து பாவிகளை மேடைக்கு அழைத்தார். போருக்குப் பின் வைத்த நினைவுப் பலகையில் ஆக்கிரமிப்பாளரின் உத்தரவால் நடந்தது என்று மட்டும் எழுதியிருந்தது. கதவைத் தட்டியவர்களின் சீருடையைப் பற்றி ஒன்றும் இல்லை. இதுவும் பழங்கதை ஆகுமுன், 1958 ஆகஸ்டில், அல்ஜீரிய விடுதலை முன்னணியின் தாக்குதல்களுக்குப் பதிலடியாகப் பாரிஸ் போலீஸ் தெருத்தெருவாக அல்ஜீரியர்களை வளைத்துப் பிடித்தது. அவர்களில் ஒரு பகுதியினரைக் கொண்டுவந்து வைத்த இடம் வெல் தீவ். அப்போதைய போலீஸ் தலைவர் மோரிஸ் பாப்போன், ஆக்கிரமிப்புக் காலத்தில் போர்தோ நகரத்தில் யூதர்களை நாடுகடத்தும் காகிதங்களில் கையெழுத்திட்ட அதிகாரி, அதற்கான தண்டனை 1998ல்தான் வந்தது. அதே 1958 நவம்பரில் கடைசி ஆறு நாள் பந்தயம் நடந்தது. ஜாக் அங்க்தீலின் அணி வென்றது. ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் இடையில் பந்தயப் பாதையை எப்படியும் ஒருமுறை பெருக்கியிருப்பார்கள்.

1959 மே மாதம் கடைசி நிகழ்ச்சி. அன்று சால்வதோர் தாலி ஈஃபில் கோபுரத்தின் மாதிரி ஒன்றை அங்கே வெடிவைத்துத் தகர்த்தார். சர்ரியலிசம் அதற்குள் ஒரு கேளிக்கை அயிட்டமாகியிருந்ததற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. எந்தக் கட்டிடத்துக்குள் நின்றுகொண்டு எதை வெடிக்கிறோம் என்று யோசித்திருந்தால் அவர் தாலியாக இருந்திருக்கமாட்டார். அந்த வருடமே தீவிபத்தில் ஒரு பகுதி எரிந்தது, மீதியை இடித்தார்கள். அந்த மனையில் குடியிருப்புகள் வந்தன. கூடவே உள்துறை அமைச்சகத்தின் கட்டிடமும் வந்தது. போலீஸ் எந்தத் துறைக்குக் கீழே வருகிறதோ அதே துறை.

கட்டிடம் போனபின் பிம்பம் மட்டும்தான் மிச்சம். பிம்பத்திலும் தகராறு. அலன் ரெனே 1956ல் ‘இரவும் மூடுபனியும்’ படத்தில் பிதிவியேர் முகாமின் புகைப்படம் ஒன்றைச் சேர்த்திருந்தார், வெல் தீவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுபோன அதே முகாம். படத்தின் ஓரத்தில் காவல் நிற்பவனின் தொப்பி பிரெஞ்சு ழாண்டார்மின் தொப்பி. தணிக்கைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்தத் தொப்பியின் மேல் ஓர் உத்தரத்தை வரைந்து மறைத்தபிறகே படம் வெளிவந்தது. முகாமைக் காட்டலாம், பிணங்களைக் காட்டலாம், தொப்பியைக் காட்டக்கூடாது. யதார்த்தவாதமா நவீனத்துவமா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அரசுக்கு எந்தப் பாணியிலும் ஆட்சேபம் இல்லை, தொப்பி போன்ற சின்ன விவரத்தின் மேல்தான் அதற்குக் கண்.

இருபது வருடம் கழித்து ஜோஸஃப் லோசி ‘மிஸ்டர் க்ளைன்’ எடுத்தார். ஒரு ஃபிலிம் சொஸைட்டித் திரையிடலில் பார்த்தேன். வெல் தீவ் அப்போது இல்லாததால் வேறொரு பந்தயத் திடலில் அந்தக் கடைசிக் காட்சியை எடுத்திருக்கிறார். யூதர்களிடம் ஓவியங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் பிழைக்கும் க்ளைன், தன் பெயரையே கொண்ட இன்னொருவனைத் தேடிப்போய் அந்தக் கூட்டத்தில் தானும் ஒருவனாக அடித்துக்கொண்டு போகப்படுகிறான். திரையிடலுக்குப் பிறகு நடந்த விவாதத்தில் எல்லாரும் காஃப்காவைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்தக் காட்சியில் மனதில் நின்றது, திடலில் அகரவரிசைப்படி எழுத்துக்களை எழுதித் தொங்கவிட்டு மக்களைப் பிரிக்கும் ஒழுங்கு. அதில் காஃப்காவைவிட தூலாரின் அட்டைக் கோப்பு அதிகம் இருக்கிறது.

உண்மையான புகைப்படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. கிளார்ஸ்ஃபெல்ட் 1990ல் கண்டெடுத்தார். அதில் அரங்கின் உள்பக்கம் இல்லை. தெருவில் அரங்கின் சுவரோரமாக வரிசையாக நிற்கும் காலிப் பேருந்துகள். மனிதர்கள் ஏறக்குறைய இல்லாத படம். 1995 ஜூலை 16ல் ஜாக் சிராக், இதைச் செய்தது பிரெஞ்சு அரசே என்று குடியரசுத் தலைவராக முதன்முறையாகச் சொன்னார். அவருக்கு முன்னவர் மித்தெரான் குடியரசு வேறு, விஷி வேறு என்று சாதித்துக்கொண்டே இருந்தார். 1994ல் ஸேன் நதிக்கரையில் வைத்த சிற்பத்துக்கு அடித்தளம் பந்தயப் பாதையின் வளைவைப்போல் செதுக்கப்பட்டது. 2017ல் நெலாத்தோன் தெருவில் குழந்தைகளின் பெயர்கள் பொறித்த சுவரோடு ஒரு தோட்டம். இவை எல்லாம் நல்ல காரியங்கள்.

சீலேயைப் பற்றி நம் வாசகர்களுக்குத் தெரியும். விக்தோர் ஹாரா 1969ல் புதிய சீலே இசை விழாவில் பரிசு பெற்றதும், 1973 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டதும் சாந்தியாகோவின் அதே எஸ்தாதியோ சீலே உள்ளரங்கில். அங்கே அடைபட்டிருந்தபோது எழுதி வெளியே கடத்தப்பட்ட கடைசிக் கவிதையை அவன் தங்கள் எண்ணிக்கையைச் சொல்லித்தான் தொடங்குகிறான். கொள்ளளவைக் கைதியின் பக்கத்திலிருந்து எண்ணியவன் என்று அவனை நினைத்துக்கொள்கிறேன்.

பாரிஸுக்கே திரும்பினால், வெல் தீவ் இல்லாத குறையைப் போக்க 1960ல் வெர்சாய் வாயிலருகே புதிய பாலே தெ ஸ்போர் கட்டி முடித்திருந்தார்கள். வட்டமான கூரை, நவீன வசதிகள். 1961 அக்டோபர் 17 இரவு, தங்கள்மேல் விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்து ஆயுதமில்லாமல் ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களை பாப்போனின் போலீஸ் அடித்தது, சுட்டது, சிலரை ஸேன் நதியில் தள்ளியது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து நகரப் பேருந்துகளில் ஏற்றினார்கள். அவர்களில் பல ஆயிரம் பேரை இறக்கிய இடம் அந்தப் புதிய மாளிகை. வாசலிலிருந்து உள்ளே போகும்வரை இரண்டு பக்கமும் போலீஸ் வரிசை நின்று தடியால் அடித்தது. ஆனால் அவர்களை அங்கே நீண்ட நாள் வைத்திருக்க முடியவில்லை. 20ஆம் தேதி மாலைக்கு ரே சார்ல்ஸ் கச்சேரி என்று முன்பே ஏற்பாடாகி இருந்தது. கைதிகளைப் பக்கத்திலிருந்த பொருட்காட்சிக்கூடத்துக்கு மாற்றி, அரங்கைக் கழுவிச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். கச்சேரி சொன்ன நாளில் நடந்தது. அன்றைய ஒலிப்பதிவு பின்னாளில் வெளியாகி இருக்கிறது. கேட்டேன். நன்றாகத்தான் பாடியிருக்கிறார், கூட்டமும் நன்றாகக் கைதட்டியிருக்கிறது.